சக்கரம் என்ன சொல்லுது? சைக்கிள் சத்தத்தைக் கேட்டுப் பழுதைக் கண்டுபிடிப்போம்



இந்த மாதப் பாடத்தில் வரவு செலவுப் பேரேடும் இல்லை, வங்கிக் கடன் விண்ணப்பமும் இல்லை. நம் வீட்டுத் திண்ணையில் சாத்தி வைத்திருக்கிறோமே, அந்தச் சைக்கிளைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதிலும் சக்கரத்திலிருந்து வரும் சத்தத்தைப் பற்றி மட்டும்.

"இது எல்லாம் ஒரு பாடமா?" என்று சிலர் கேட்கலாம். நம் கடற்கரை ஊர்களில் சைக்கிளை நம்பி என்னென்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கரையில் ஏலம் எடுத்த மீனைக் கேரியரில் கட்டிக்கொண்டு உள்ளூர்க் கிராமங்களுக்குப் போய் விற்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர்கள், வாலிநோக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். குழுப் பணத்தை வங்கியில் கட்ட ஊக்குநர் போக வேண்டும். சைக்கிள் ஒரு நாள் நின்றால் அந்த நாள் கூலி நின்றது என்று அர்த்தம். பஸ் எல்லா நேரமும் வராது. வந்தாலும் மீன் கூடையை ஏற்ற மாட்டேன் என்பார்கள்.

குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "சத்தம் வருதுதான். அவுக கடலுக்குப் போயிருக்காக, வந்து பாக்கட்டும்னு விட்டுட்டேன்." அவர் வந்து, தூங்கி எழுந்து, வலையைச் சரிபார்த்து, அதற்குப் பிறகு சைக்கிளைப் பார்க்க ஒரு வாரம் ஆகிவிடும். அந்த ஒரு வாரத்தில் சின்னப் பழுது பெரிய பழுதாகிவிடும். பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் கொல்லைப்புறத்தில் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்க்கிறோம். அவை எதுவும் ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. முதலில் சத்தம் போட்டிருக்கும். என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து மாவட்டத்தில் நடந்த கதை

சைக்கிள் நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியையும் கொண்டுவந்தார். பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி பேசிய காலம் அது. விவசாயக் கூலிகள், கல் உடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, எதற்கும் இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற நிலை அந்தப் பெண்களுக்கு வந்தது.

தமிழ்நாடு அரசு 2001-02இல் மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் அது விரிந்தது. ஆக, ஓட்டக் கற்றுக்கொண்டோம், சைக்கிளும் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் சத்தம் வந்தால் மட்டும் இன்னும் ஆம்பளைக்காகக் காத்திருக்கிறோம். அந்த ஒரு படியையும் ஏறிவிடுவோம்.

நம் கடற்கரையில் சக்கரம் ஏன் சீக்கிரம் கத்துகிறது?

மதுரைப் பக்கம் வருடக்கணக்கில் ஓடும் சக்கரம் இராமேஸ்வரத்தில் சீக்கிரமே கத்த ஆரம்பிக்கும். இதற்கு மூன்று எதிரிகள் உண்டு.

முதல் எதிரி உப்பு. கடல் காற்றில் வரும் உப்பு இரும்பின்மேல் படிகிறது. உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. அடுக்களையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருக்கிறோம் தானே, அதே கதைதான். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் இரும்பும் உப்புப் படிந்திருந்தால் ஈரமாகவே இருக்கும், துருவும் வேகமாகப் பிடிக்கும். மீன் கூடையிலிருந்து வடியும் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். அது நேராகப் பின்சக்கரத்தின் நடுவில் வந்து விழுகிறது.

இரண்டாவது எதிரி மணல். கச்சான் காற்றுக் காலத்தில் ரோட்டின்மேலேயே மணல் ஓடும். அது அச்சுக்குள்ளும் செயினுக்குள்ளும் புகுந்துவிடும்.

மூன்றாவது எதிரி சீமைக் கருவேல முள். அதைப் பற்றி இந்த மாவட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்வோம்

பெயர் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ரிம்: டயர் உட்கார்ந்திருக்கும் இரும்பு வளையம்.

போக்ஸ் கம்பி: நடுவிலிருந்து ரிம்முக்குப் போகும் மெல்லிய கம்பிகள். பெரிய சைக்கிள்களில் பெரும்பாலும் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 இருக்கும். பாரம் பின்னால் அதிகம் என்பதால் கம்பியும் பின்னால் அதிகம்.

நிப்பிள்: போக்ஸ் கம்பி ரிம்மில் சேரும் இடத்திலுள்ள சின்னத் திருகாணி. இதைத் திருகினால் கம்பி இறுகும், தளரும்.

ஹப்: சக்கரத்தின் நடுக்குடம். இதற்குள் அச்சு இருக்கிறது.

பால்ரஸ்: ஹப்புக்குள் அச்சைச் சுற்றி உருளும் இரும்புக் குண்டுகள். சைக்கிளுக்கு இதை முதலில் பொருத்தி 1869இல் காப்புரிமை வாங்கியவர் பாரிஸ் நகரத்து சைக்கிள் மெக்கானிக் ஒருவர். இன்றைக்கும் சக்கரம் லேசாகச் சுற்றுவது இந்தக் குண்டுகளால்தான்.

கோன்: அச்சில் திருகியிருக்கும், குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் திருகாணி.

ஃப்ரீவீல்: பின்சக்கரத்தில் செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரம். நாம் மிதிக்காமல் இருந்தாலும் சக்கரம் தானாக உருளுவது இதனால்தான்.

மூன்று கேள்விகள்

மருத்துவர் நாடி பார்ப்பதற்கு முன்னால் "எப்ப வலிக்குது? எங்க வலிக்குது?" என்று கேட்பார். சைக்கிளிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும். ஒரு குழுவில் இரண்டு உறுப்பினர்கள் பேசிக்கொண்டதைக் கேளுங்கள்:

"மதினி, பின்னாடி என்னமோ கத்துது."

"என்னமோன்னா? மிதிக்கிறப்பவா, சும்மா உருள்றப்பவா?"

"அதெங்க நான் கவனிச்சேன்?"

"அதைக் கவனிச்சுட்டு வா. பாதிப் பழுது அதுலயே தெரிஞ்சிரும்."

மதினி சொன்னதுதான் முதல் கேள்வி.

கேள்வி 1: மிதிப்பதை நிறுத்தினால் சத்தம் நிற்கிறதா?
நின்றுவிட்டால் பழுது பெரும்பாலும் பெடலிலோ செயினிலோ இருக்கும். மிதிக்காமல் உருளும்போதும் சத்தம் தொடர்ந்தால் பழுது சக்கரத்தில். இதைச் சோதிக்க எளிய வழி, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டு நடப்பது. அப்போது பெடலும் செயினும் சும்மா இருக்கும், சக்கரம் மட்டும்தான் சுற்றும்.

கேள்வி 2: எத்தனை எட்டுக்கு ஒரு தரம்?
சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் 2 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நகரும். அது நம் நடையில் ஏறக்குறைய மூன்று எட்டு. தள்ளிக்கொண்டு போகும்போது மூன்று எட்டுக்கு ஒரு தரம் "டிக்" என்று கேட்டால், சக்கரத்தின் ஓரத்தில் ஏதோ ஓர் இடத்தில் மட்டும் குறை இருக்கிறது. நிற்காமல் "கரகர" என்று கேட்டால் ஹப்பைச் சந்தேகப்படலாம். ஏறி மிதிக்கும்போது, பெடல் ஒரு சுற்று வரும்போதெல்லாம் "டொக்" என்று கேட்டால் அது சக்கரமே அல்ல. பெடல் தண்டும் அதைப் பிடித்திருக்கும் பின்னும் தளர்ந்திருக்கும்.

கேள்வி 3: பாரம் ஏற்றினால் மட்டும் வருகிறதா?
வெறும் சைக்கிளில் கேட்காத சத்தம் மீன் பெட்டியோ தண்ணீர்க் குடமோ ஏற்றினால் கேட்கிறது என்றால் போக்ஸ் கம்பி தளர்ந்திருக்கலாம், பின் அச்சு வளைந்திருக்கலாம், கேரியர் திருகு கழன்றிருக்கலாம்.

கேள்வி முடிந்ததும் முன்சக்கரமா, பின்சக்கரமா என்று பிரிக்க வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடித்து முன்பக்கத்தைத் தூக்கி, கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். பிறகு ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைச் சுழற்றுங்கள். ஸ்டாண்டு தூக்கிப் பிடிக்காவிட்டால் ஒரு சாக்கை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சுற்றுகிற சக்கரத்தின் பக்கத்தில் குனியும்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். கம்பிக்குள் விரலை நீட்டாதீர்கள். சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சத்தமும் காரணமும்

"டிக்... டிக்..." (மூன்று எட்டுக்கு ஒன்று)
முதலில் டயரைப் பாருங்கள். முள்ளோ, சங்குச் சில்லோ, கல்லோ ஏறியிருக்கும். பிடுங்குவதற்கு முன்னால் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிடுங்கியதும் காற்று இறங்கினால் பஞ்சர் எந்த இடத்தில் என்று தேட வேண்டியதில்லை. டயரில் ஒன்றும் இல்லை என்றால் ஒரு போக்ஸ் கம்பி முறிந்து தொங்கி எதிலாவது தட்டுகிறதா என்று பாருங்கள். கம்பியில் சுற்றிய கயிறு, பிளாஸ்டிக் பை, நைலான் வலைத் துண்டுகூட இந்தச் சத்தத்தைக் கொடுக்கும்.

"தப்... தப்..." (சீட்டில் ஒரு குதி தெரியும்)
டயர் ஓர் இடத்தில் புடைத்திருக்கிறது. உள்ளே நூல் அறுந்து டியூப் வெளியே தள்ளப் பார்க்கிறது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். உடனே மாற்ற வேண்டும். அதுவரை பாரம் ஏற்றக்கூடாது.

"சர்ர்... சர்ர்..." (விட்டு விட்டு உரசல்)
ரிம் ஒரு பக்கம் கோட்டம் வாங்கிப் பிரேக் கட்டையிலோ மட்கார்டிலோ உரசுகிறது. சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஓர் இடத்தில் மட்டும் நெருங்கினால் அது கோட்டம். முழுச் சுற்றும் உரசினால் ரிம்மைக் குறை சொல்லாதீர்கள். சக்கரம் நடுவில் உட்காரவில்லை, அல்லது பிரேக் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் இறுக்கினால் சரியாகிவிடும்.

"கிணிங்... கிணிங்..." (பாரத்தோடு போகும்போது)
இது போக்ஸ் கம்பியின் குரல். சக்கரம் நிற்பது கம்பிகளின் இழுவிசையால்தான். ஒவ்வொரு கம்பியும் ரிம்மை நடுவை நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒன்று தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளின்மேல் ஏறும். அவை களைத்து முறியும். குழுவில் ஒருவர் தவணை கட்டாவிட்டால் அது மற்றவர்கள் தலையில் விழுவது போலத்தான்.

சோதிப்பது எளிது. இரண்டிரண்டு கம்பியாகக் கையில் பிடித்து அமுக்கிப் பாருங்கள். அல்லது ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பாருங்கள். இறுகிய கம்பி "டிங்" என்று பாடும். தளர்ந்தது "டொத்" என்று செத்த சத்தம் கொடுக்கும். பின்சக்கரத்தில் ஒரு விஷயம்: ஃப்ரீவீல் இருக்கும் பக்கத்துக் கம்பிகள் மறுபக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் இறுகியிருக்கலாம். அதனால் ஒரே பக்கத்துக் கம்பிகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

"கரகர..." (நிற்காமல், மாவு திரிக்கிற மாதிரி)
ஹப்புக்குள் கிரீஸ் வற்றி, மணலும் துருவும் சேர்ந்திருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அச்சு மாட்டியிருக்கும் சட்டத்தில் உள்ளங்கையை வையுங்கள். அதிர்வு கையில் தெரியும். ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் முனையை அச்சு நட்டில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தால் மருத்துவர் குழாயில் கேட்பது போலத் தெளிவாகக் கேட்கும்.

முன்சக்கரத்துக்கு இன்னொரு சோதனை. லேசாகச் சுழற்றி விடுங்கள். நல்ல சக்கரம் வேகம் குறைந்து, கடைசியில் கனமான பக்கம் கீழே வந்து, தூளி போல முன்னும் பின்னும் ஆடி நிற்கும். கெட்ட சக்கரம் ஆடாது, சட்டென்று நின்றுவிடும்.

"லொட லொட..." (மேடு பள்ளத்தில்)
ரிம்மைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கோன் தளர்ந்திருக்கிறது, அல்லது குண்டு தேய்ந்திருக்கிறது. ரிம் ஆடவில்லை என்றால் மட்கார்டு கம்பி, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் என்று ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து ஆட்டுங்கள். பாதி சைக்கிள்களில் லொடலொட சத்தம் சக்கரத்திலிருந்து வருவதில்லை. ஒரு திருகு இறுக்கினால் போதும்.

"டிக்டிக்டிக்..." (மிதிக்காமல் உருளும்போது, வேகமாக)
இது ஃப்ரீவீலின் இயல்பான சத்தம். பயப்பட வேண்டாம். இந்தச் சத்தம் காணாமல் போனாலோ, கரகரப்பாக மாறினாலோதான் கவனிக்க வேண்டும். ஃப்ரீவீலுக்குள் சிறிய நாக்கு ஒன்று இருக்கிறது. மிதிக்கும்போது அது பல்லில் மாட்டிக்கொண்டு சக்கரத்தைத் தள்ளும். உப்பும் மணலும் சேர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டால் பெடல் வெறுமனே சுற்றும். ஏறி நின்று மிதிக்கும்போது அப்படி ஆனால் ஆள் கீழே விழ வேண்டியதுதான். இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. ஃப்ரீவீல் முழுதாக இறுகிவிட்டால் நாம் மிதிக்காதபோதும் பெடல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், செயின் தொய்ந்து கழலும்.

"கீச்... கீச்..." (மிதிக்கும்போது மட்டும்)
செயின் காய்ந்திருக்கிறது. துடைத்து எண்ணெய் விடுங்கள்.

"கிரீச்ச்..." (பிரேக் பிடிக்கும்போது மட்டும்)
பிரேக் ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும், அல்லது அதில் மணல் பதிந்திருக்கும். ரப்பரை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ரிம்மை ஈரத் துணியால் துடையுங்கள். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

எண்ணெய் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல

"சத்தம் வந்தா தேங்காய் எண்ணெய் விட்டாப் போச்சு" என்பது பல வீடுகளில் வழக்கம். சமையல் எண்ணெய் சில நாளில் பிசினாகிவிடும், மணலை இழுத்து ஒட்ட வைத்துக்கொள்ளும். சத்தம் இரண்டு நாள் அடங்கும், உள்ளே தேய்மானம் கூடும். சைக்கிள் கடையில் கிடைக்கும் மெஷின் எண்ணெயே போதும். அதையும் சொட்டுக் கணக்கில் விட வேண்டும், மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் எந்த எண்ணெயும் படக்கூடாது. அது ரிம்மும் பிரேக் ரப்பரும். கிரீச் சத்தம் வருகிறது என்று அங்கே எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும், சைக்கிள் நிற்காது. பாம்பன் சாலைப் பாலத்தின் நடு உயரத்திலிருந்து காற்றோடு இறங்கும்போது பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நாமே செய்யக்கூடிய மூன்று வேலைகள்

முதலாவது, கோட்டம் எடுப்பது. இதற்கு நிப்பிள் சாவி வேண்டும். ரிம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால், அந்த இடத்தில் வலப்பக்க ஹப்புக்குப் போகும் கம்பிகளைக் கால் சுற்று இறுக்குங்கள். இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். மறுபடியும் கால் சுற்று. அவசரப்பட்டு ஒரே கம்பியை முறுக்கினால் ரிம் முட்டை வடிவமாகிவிடும், கம்பி முனை உள்ளே நீட்டி டியூபைக் குத்தும். நிப்பிள் துருவில் பிடித்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊற விடுங்கள்.

இரண்டாவது, ஃப்ரீவீல் கழுவுவது. சைக்கிளைப் பல்சக்கரம் மேலே வரும்படி படுக்க வையுங்கள். ஃப்ரீவீல் இடுக்கில் மண்ணெண்ணெயோ டீசலோ சில சொட்டு விட்டு, பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். கறுப்பாக வடியும். துடைத்துவிட்டு மறுபடியும் விடுங்கள். தெளிவாக வந்ததும் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. கீழே பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள், டயரில் படக்கூடாது. அடுப்புப் பக்கம் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது, ஹப் ஓவராயில். இதை முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சக்கரத்தைக் கழற்றி, ஒரு பக்கக் கோனை எடுத்தால் குண்டுகள் கொட்டும். கீழே அகலமான தட்டு வையுங்கள். எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10 சின்னக் குண்டுகளும், பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9 பெரிய குண்டுகளும் இருக்கும். கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பாக இருந்தால் நல்லது. புள்ளி விழுந்திருந்தால் ஒன்றிரண்டை மட்டும் மாற்றாமல் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றுங்கள். கோனில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். புதுக் கிரீஸ் தாராளமாக வைத்து, குண்டுகளை அதில் பதித்து, கோனைத் திருகுங்கள்.

இறுக்கத்தின் அளவுதான் இதில் சூட்சுமம். அதிகம் இறுக்கினால் கரகர, குறைத்தால் லொடலொட. ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்தி, வெளி நட்டை இறுக்கிப் பூட்டிவிடுங்கள். கடலோரத்தில் வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்ததும் இதைச் செய்வது நல்லது. தண்ணீர்க் குடம் வைத்துத் தள்ளும் வண்டிக்கும் சைக்கிள் சக்கரம் போட்டிருந்தால் இதே பாடம்தான்.

தினப்படி பராமரிப்பு

நம் மாவட்டத்தில் நல்ல தண்ணீரின் அருமை எல்லோருக்கும் தெரியும். சைக்கிளுக்கு வாளி வாளியாக ஊற்றச் சொல்லவில்லை. வியாபாரம் முடிந்து வந்ததும் ஒரு செம்பு நல்ல தண்ணீரில் துணியை நனைத்து ரிம், கம்பி, ஹப் ஆகியவற்றைத் துடையுங்கள். பிறகு காய்ந்த துணியால் ஒரு துடை. ஹப்புக்குள் நேராகத் தண்ணீர் அடிக்காதீர்கள். மீன் பெட்டிக்குக் கீழே கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பை வைத்து, வடியும் தண்ணீர் பின்பக்கமாக விழும்படி செய்யுங்கள்.

இப்படி இருந்தால் ஏறாதீர்கள்

• பெடல் திடீரென்று வெறுமனே சுற்றினால்.
• முன்சக்கரம் இடம் வலமாக ஆடினால், அல்லது அச்சு நட்டு கழன்றிருந்தால்.
• ஒரே சக்கரத்தில் இரண்டு கம்பிக்கு மேல் முறிந்திருந்தால்.
• ரிம்மில் விரிசலோ, துரு அரித்த ஓட்டையோ தெரிந்தால்.
• டயர் புடைத்திருந்தால்.
• பிரேக் பிடிக்காவிட்டால்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிக்கொண்டே போங்கள். ஒரு நாள் வியாபாரம் போனால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். கை கால் முறிந்தால் மூன்று மாதம் வீட்டில் உட்கார வேண்டும், தவணையும் நிற்கும். கேரியரில் பிள்ளையை உட்கார வைக்கும்போது கால் கம்பிக்குள் போகாதபடி பின்சக்கரத்துக்கு வலைத் தடுப்புப் போட்டுக்கொள்ளுங்கள். நம் சேலைக்கும் அது பாதுகாப்பு.

கடைக்குப் போனால் எப்படிச் சொல்வது?

எல்லா வேலையும் நாமே செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால் "அண்ணே, சத்தம் வருது, பாருங்க" என்று சைக்கிளை விட்டுவிட்டு வந்தால், எதை மாற்றினார், எதற்குக் காசு வாங்கினார் என்று நமக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, பின் சக்கரம், மிதிக்காம உருள்றப்பவும் கரகரங்குது. ரிம் ஆட்டம் இல்ல, கம்பி எல்லாம் இறுக்கமா இருக்கு. பால்ரஸ் மட்டும் பாருங்க. பழைய சாமானைக் கையில குடுங்க." இப்படிச் சொன்னால் கடைக்காரருக்கும் நேரம் மிச்சம், நமக்கும் காசு மிச்சம். பால்ரஸ் மாற்றும் செலவு சின்னது. அதைத் தள்ளிப்போட்டு ஹப்பும் அச்சும் தேய்ந்த பிறகு சக்கரத்தையே மாற்றும் செலவு பெரிது.

இந்த மாதக் கூட்டத்தில் செய்வோம்

1. கூட்டத்துக்கு வரும்போது சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஓட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் தள்ள, மற்றவர் கூட நடந்து மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, தெரிந்தவர் எழுதலாம்.

2. எல்லா சைக்கிளின் கம்பிகளையும் சுண்டிப் பாருங்கள். எத்தனை "டிங்", எத்தனை "டொத்"?

3. ஒரு ஸ்பேனர் செட், நிப்பிள் சாவி, ஸ்குரூ டிரைவர், எண்ணெய்க் குப்பி, கிரீஸ் டப்பா ஆகியவற்றைக் குழுவின் பொதுச் சொத்தாக வாங்கலாமா? வாங்கினால் யார் வீட்டில் வைப்பது? எடுத்துப் போகிறவர் கையெழுத்துப் போட நோட்டு ஒன்று வேண்டுமா? தீர்மானமாக எழுதுங்கள்.

4. கொல்லையில் கிடக்கும் சைக்கிள்கள் நம் குழு வீடுகளில் எத்தனை? அவற்றில் எதைச் சரிசெய்தால் யாருக்கு, எந்த வேலைக்கு உதவும்?

5. சைக்கிள் ரிப்பேரை முழுமையாகக் கற்றுக்கொள்ள விரும்பும் உறுப்பினர் யாராவது இருக்கிறார்களா? ஊரில் கடை இல்லாத இடத்தில் அது ஒரு தொழிலாகவும் ஆகும். பெயர் கொடுத்தால் கூட்டமைப்பின் அடுத்த மாதக் கூட்டத்தில் பயிற்சி பற்றிப் பேசுவோம்.

உங்கள் குழுவில் கண்டுபிடித்த சத்தம் எது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஊக்குநரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த இதழில் சேர்த்துக்கொள்வோம்.